கம்பவுண்டரின் புருவம்

பதினோராண்டுகளாக அந்த ஆணி ஆலையில் ஒருவருக்கும் காது கெடவில்லை என்று, மூன்றாண்டுகளாக அங்கே வந்து சத்தத்தை அளந்த ஆய்வாளர் அம்மையார் உணவுக்கூடத்தின் மேடைமீது நின்று அறிவித்தார். கூடியிருந்த நாற்பத்தொரு தொழிலாளர்களில் பாதிப்பேர் அதைக் காதால் கேட்கவில்லை; அவருடைய உதடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மீதிப்பேரில் பலர், கைதட்டியவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஆணிக்கூடத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது. அவரவர் ஓட்டும் இயந்திரத்தின் எண்ணே பெயர். பதினேழாம் எண் இயந்திரத்தை இருபத்தாறு ஆண்டுகளாக ஓட்டிவந்த மனிதரை மேலாளர் முதல் வாசற்காவலர் வரை எல்லோரும் பதினேழு என்றே அழைத்தார்கள். வயதில் இளையவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொண்டார்கள். அன்று திரையில் அவருடைய எண்தான் பெரிதாக மின்னியது. இருபது வயது இளைஞருக்கு நிகரான செவித்திறன் என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஆய்வாளர் அவரைக் கைகாட்டி எழுந்து நிற்கச் சொன்னார். அவரும் எழுந்து, கல்யாண வீட்டுப் படத்தில் நிற்பவர்போலச் சிரித்தார்.

அதன்பின் அம்மையார் திரையை நோக்கித் திரும்பிக்கொண்டார். பதினேழைப் பொறுத்தவரை அத்தோடு கூட்டம் முடிந்தது. அடுத்துப் பேசிய மேலாளரோ ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டதால், உதட்டின் ஓரம்கூடத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதினேழின் மகள்தான் திரும்பி, குரலின்றி வாயை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"மூடி வராதாம்பா."

பதினேழு சிரிப்பதை நிறுத்தினார்.

ஆணி இயந்திரம் கம்பியைக் கவ்வி, ஓங்கி அறைந்து தலை செய்து, மறுமுனையைக் கூராக நறுக்கித் தட்டில் துப்பும். நிமிடத்துக்கு முந்நூறு முறை. அப்படிப்பட்ட இயந்திரங்கள் நாற்பத்தொன்று ஒரே கூரையின்கீழ் நின்றன. ஒவ்வொன்றின் மீதும் உள்ளே தடித்த பஞ்சு வைத்த இரும்புக்கூடு ஒன்றைக் கவிழ்த்தால் சத்தம் உள்ளேயே அடங்கும் என்று இரண்டாண்டுகளுக்கு முன் நிர்வாகம் வாக்களித்திருந்தது. அந்தக் கூடுகளைத்தான் தொழிலாளர்கள் மூடி என்றார்கள். காதே கெடாத இடத்துக்கு மூடி எதற்கு என்பது மேலாளரின் அன்றைய கேள்வி. அதற்குச் சான்றாக அவர் காட்டியது பதினேழின் காதுகளை.

அந்தக் காதுகளின் கதை கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கூடத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஆண்டுக்கொருமுறை ஆலையின் கம்பவுண்டர் ஒவ்வொருவரையும் மருந்தறைக்கு அழைத்து, எதிரே உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டிவிடுவார். மெல்லிய ஒலி ஒன்றை அனுப்புவார். கேட்டவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கேளாதவரை மறுநாளே இயந்திரத்தைவிட்டு இறக்கித் துருக்கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். துருப்பிடித்துத் திரும்பிவந்த ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கும் இடம் அது. ஆலையின் பின்புறத்தில், தகரக்கூரையின்கீழ், குனிந்த தலை நிமிராமல் செய்யும் வேலை. அங்கே போன எவரும் இயந்திரத்துக்குத் திரும்பியதில்லை. தொழிலாளரின் பாதுகாப்புக்காக இயற்றிய விதி என்று அதற்குப் பெயர். காதைக் கெடுத்தவனை விட்டுவிட்டுக் கெட்ட காதுக்காரனைத் தண்டிக்கும் விதிக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அதை எழுதியவருக்குத் தெரியவில்லை போலும்.

கம்பவுண்டர் நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. ஒலி விசையை அழுத்தும்போதெல்லாம், அந்த ஒலியைத் தாமே கேட்க முயல்பவர்போல, அவருடைய இடப்புருவம் மேலேறும். ஆணிக்கூடத்தில் உதட்டையும் விரலையும் தோளையும் பார்த்தே நாள்முழுதும் பேசிப் பழகியவர்களுக்கு அந்தப் புருவம் கோயில்மணி அடித்ததுபோல. புருவம் ஏறினால் பொத்தான். இறங்கினால் சும்மா இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் வாரத்திலேயே யாராவது இதைச் சொல்லிவைப்பார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் முப்பத்திரண்டாம் இயந்திரத்தில் சேர்ந்த தம் மகளுக்குச் சொல்லிவைத்தவர் பதினேழேதான்.

அன்று மாலை வீட்டில் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தொலைக்காட்சி தெருவையே கூட்டும் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வந்து அதை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இந்த வீட்ல ஒரு ரகசியம் பேசணும்னா பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருக்கு. என்னவோ இருபது வயசுக் காதாமே? அந்தக் காதை எங்க வெச்சிருக்கீங்க, பெட்டியிலயா?"

"சும்மா இரு."

"இருபத்தாறு வருஷமா நான் கத்தினதெல்லாம் சும்மா இருந்ததுதானே."

மகள் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா, உங்களுக்கு அந்த ரீங்காரம் எப்ப நின்னுச்சு?"

"எந்த ரீங்காரம்?"

"ஷிப்ட் முடிஞ்சதும் காதுக்குள்ள விசில் அடிக்குமே. முன்னெல்லாம் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நின்னுடும். இப்ப மூணு மாசமா நிக்கவே மாட்டேங்குது. பழகிடும்னு சொன்னீங்க. எப்பப் பழகும்?"

அவருக்குள் அது பதினெட்டாண்டுகளாக நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நிக்காது," என்றார் கடைசியில்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் எழுந்து போனாள்.

கோபம் பதினேழுக்குப் புதிதன்று. மேலாளர்மீது கோபம் உண்டு; நான்கு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று அளந்து கொடுக்கும் மஞ்சள் காதுப் பஞ்சடைப்பான்மீது உண்டு; ஒருநாள் பயன்படுத்தி எறியவேண்டியதை நான்கு மாதம் துவைத்துச் செருகச் சொன்ன பணியாளர் அதிகாரிமீதும் உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் ஒரு திசை இருந்தது. இப்போது வந்த கோபமோ எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்மீதே வந்து மோதியது. தம் பொய்யை அளவுகோலாக வைத்துத் தம் மகளின் காதை அறுக்கப்போகிறார்கள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன்பே, அவர் மருந்தறைக்குப் போனார். ஆய்வாளர் தம் கருவிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். பணியாளர் அதிகாரி அருகே நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்குக் காது கேக்காது," என்றார் பதினேழு.

ஆய்வாளர் சிரித்தார். "நேத்துக்கூட என்கூட நல்லாப் பேசிட்டு இருந்தீங்களே."

"உங்க உதட்டைப் பார்த்துப் பேசினேன். நீங்க திரையைப் பார்த்து என்ன சொன்னீங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. எனக்கு மட்டும் இல்ல, கூடத்துல முக்கால்வாசிப் பேருக்குக் கேக்காது. நாங்க கம்பவுண்டர் புருவத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துறோம்."

அதிகாரி பேனாவை மூடினார். "இருபத்தாறு வருஷம் நல்லாக் கேட்டுச்சு. நேத்துக் கைதட்டினதும் கெட்டுப்போச்சா? மேடம், இது இழப்பீட்டு ஆசை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கல. மேடம், மூணு வருஷம் இங்க வந்து போனீங்க. சத்தத்தை அளந்தீங்க. எங்கள்ல ஒருத்தரையாவது உட்காரவெச்சுக் காதைப் பார்த்தீங்களா?"

ஆய்வாளரின் முகம் சிவந்தது. ஆலை தந்த பதிவேடுகள் பதினோராண்டுக்கும் ஒழுங்காக இருந்தன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். நூற்றுமூன்று டெசிபல் சத்தத்தில் நாற்பத்தொரு பேரின் காதும் கெடாமல் இருப்பது எப்படி என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை என்று சொல்ல முடியாது. எழுந்த ஐயத்துக்குப் பஞ்சடைப்பான் என்று ஒரு விடையை எழுதி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொய்யாக் கேக்கலைன்னு நடிக்கிறவங்களும் உண்டு," என்றார் மெதுவாக.

"நடிக்கிறேனான்னு பாருங்க. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுங்க."

மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் பதினேழு சுவரிலிருந்த சுண்ணாம்பு வெடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடிப்பவர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தடுமாறுவார். இவருக்குக் கருவி வரைந்த மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. தாழ்ந்த ஒலிகளில் ஓரளவு நேராக வந்த கோடு, உயர்ந்த ஒலிகளை எட்டியதும் கிணற்றுக்குள் விழுந்தது.

"இது மட்டும் எப்படி நிஜம்?" என்றார் அதிகாரி. "பதினோரு வருஷப் பதிவேடு பொய், மூணு நிமிஷக் கோடு உண்மையா? நம்ம கம்பவுண்டரைக் கேளுங்க, அவர் சொல்லுவாரு."

கம்பவுண்டரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளறையில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தார். நடந்தது எதுவும் தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் அதை மாட்டிக்கொள்வதற்குள் பதினேழு ஆய்வாளரைப் பார்த்து, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தார்: வயரைப் பிடுங்குங்க.

ஆய்வாளருக்கு உதடு படிக்கத் தெரியாது. ஆனால் பதினேழின் விரல் கருவியின் பின்புறத்தைக் காட்டியது. அம்மையார் செவிக்கருவியின் வயரைப் பிடுங்கித் தம் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அதிகாரி வாயைத் திறந்தார். ஆய்வாளர் விரலை உதட்டில் வைத்தார்.

"வழக்கம்போலச் சோதிங்க," என்றார் கம்பவுண்டரிடம்.

கம்பவுண்டர் பதினேழை எதிரே உட்காரவைத்தார். விசையை அழுத்தினார். புருவம் ஏறியது. பதினேழின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த ஒலி, அடுத்த புருவம், அடுத்த விளக்கு. வலக்காதுக்குப் பத்து, இடக்காதுக்குப் பத்து. ஒன்றுகூடத் தவறவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? இருபதுக்கு இருபது," என்றார் கம்பவுண்டர் பெருமையோடு. "நம்ம ஆளுங்களுக்குத் தங்கமான காது."

ஆய்வாளர் வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

கம்பவுண்டர் வயரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், பதினேழைப் பார்த்தார். அவருடைய இரு புருவங்களும் ஒன்றாக ஏறின. "என் புருவமா?" என்று கேட்டுவிட்டு, அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"நீங்க என்னை ஏமாத்தினீங்க," என்றார் ஆய்வாளர் பதினேழிடம். "மூணு வருஷ வேலை. நாளன்னைக்கு அறிக்கையை அனுப்பறதா இருந்தேன்."

"ஏமாத்தினோம். துருக்கொட்டகைக்குப் பயந்து ஏமாத்தினோம். நீங்க எதுக்குப் பயந்து ஏமாந்தீங்க?"

ஆய்வாளர் பெட்டியில் வைத்த கருவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை எல்லோரையும் நானே சோதிப்பேன், சுவரைப் பார்த்த நாற்காலியில், என்றார்.

அதிகாரிக்குத் தோற்ற இடத்தில் பழிவாங்கும் வழி தெரியும். "விதின்னா விதி. பதினேழு, நீ இன்னையிலேர்ந்து கொட்டகைக்குப் போ. திங்கட்கிழமைக்கு அப்புறம் உனக்குத் துணைக்கு ஆள் வரும்."

இடைவேளைக்குள் செய்தி கூடம் முழுதும் பரவியிருந்தது. அதைப் பரப்பியவர் பதினெட்டாம் இயந்திரக்காரர். கேட்காத செய்தியையும் கேட்டதாகச் சொல்லும் திறத்தால் அவருக்கு வானொலி என்று பட்டம். இருபதாண்டுகளாகப் பதினேழுக்குப் பக்கத்து இயந்திரம் அவருடையது. உணவுக்கூடத்தில் பதினேழு நுழைந்ததும் அவர்தான் முதலில் எழுந்தார்.

"வாங்கண்ணே. நாப்பது பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டு வந்து கையைக் கழுவுங்க."

"உக்காரு."

"எதுக்கு உக்காரணும்? உங்களுக்குப் பொண்ணு இருக்கு, அதுக்கு மூடி வேணும். எனக்கு என்ன இருக்கு? அந்த மெஷின் இருக்கு. அதையும் பிடுங்கித் தரீங்க. ரொம்ப நல்ல மனசு."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. இருபத்தைந்தாம் இயந்திரக்காரி, பத்தாண்டுகளாக அவரை அண்ணா என்று அழைத்தவள், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உதட்டால் பேசும் ஊரில் முதுகைக் காட்டுவது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

பதினேழு மேசையை ஓங்கித் தட்டினார். தட்டுகள் குதித்தன, அதிர்வில் எல்லோரும் திரும்பினார்கள். காது கேளாதவர்களை அழைக்க வேறு வழி இல்லை.

"திங்கட்கிழமை எத்தனை பேர் தேறுவீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்."

புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் தயங்கித் தயங்கித் தூக்கினார்கள்.

"மூணு. மத்த முப்பத்தெட்டும் கொட்டகைக்குப் போகணும். போகட்டும். அப்புறம் முப்பத்தெட்டு மெஷினை யாரு ஓட்டுவா? அந்த அதிகாரியா? அவருக்குக் கம்பி எந்தப் பக்கம் நுழையும்னுகூடத் தெரியாது."

வானொலி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தரா மாட்டினா கொட்டகை. அதனாலதான் இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் புருவம் படிச்சோம். எல்லாரும் மாட்டினா அவங்களுக்குக் கொட்டகையில இடம் இல்ல. இது தெரியறதுக்கு எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு. என் மண்டையில ஆணி அடிச்சிருந்தாக்கூட முன்னாடியே இறங்கியிருக்கும்."

"அண்ணே சொல்றது கணக்குக்குச் சரி," என்றார் வானொலி. "ஆனா முதல்ல யாரு போய் அந்த நாற்காலியில உக்காருவா? நான் இல்ல."

திங்கட்கிழமை காலை மருந்தறைக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். உள்ளே சுவரை நோக்கி நாற்காலி கிடந்தது. வரிசை என்றால் முன்னால் ஒருவர் இருக்க வேண்டும். அங்கே எல்லோரும் பின்னால்தான் நின்றார்கள். பதினேழு கொட்டகையிலிருந்து, கையெல்லாம் துருவோடு, அனுமதி கேளாமல் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கதவின் கண்ணாடி வழியே அவளுடைய முதுகு தெரிந்தது. கட்டைவிரலும் தெரிந்தது. அது அசைந்தது, அசைந்தது, பின்பு நெடுநேரம் அசையவில்லை. பதினேழு தம் கட்டைவிரலைத் தாம் அறியாமலே அழுத்திக்கொண்டிருந்தார்.

அவள் தாளோடு வெளியே வந்தாள். அதை அவரிடம் நீட்டினாள். இரண்டு காதின் கோடுகளும் நேராகப் போய், நாலாயிரம் என்று உயர்ந்த ஒலியைக் குறித்த இடத்தில் பள்ளமாய் விழுந்து, மறுபடி ஏறியிருந்தன. அவருடைய கிணற்றின் தொடக்கம் அது.

"மேடம், இந்தப் பள்ளம் மூடுமா?" என்று அவர் கதவுக்குள் கேட்டார்.

ஆய்வாளர் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னார். "போனது வராது. சத்தத்தைக் குறைச்சா, இதுக்கு மேல சத்தத்தால ஆழமாகாது."

மகள் தந்தையைப் பார்த்தாள். "புருவத்தைப் பார்க்கச் சொல்லாம இருந்திருந்தா போன வருஷமே இது தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்," என்றார் பதினேழு.

அவளுக்கு அடுத்து இருபத்தைந்து உள்ளே போனாள். அதன்பின் வானொலி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர்போலப் போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். பிற்பகலில் ஆய்வாளர் பட்டியலை அதிகாரியிடம் கொடுத்தார். பதினேழைச் சேர்த்துத் தேறாதவர் முப்பத்தாறு. அதிகாரி அதை மேலாளரிடம் கொண்டுபோனார். மேலாளர் கூடத்துக்கே இறங்கிவந்தார்.

நாற்பத்தொரு இயந்திரங்களும் நின்றிருந்தன; தேறிய ஐவரும்கூடத் தம் இயந்திரத்தைத் தொடவில்லை. வேலை செய்யும் நாளில் ஆணிக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததை மேலாளர் பார்த்ததில்லை. அவர் தம் குரலைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டார்.

"விதிப்படி முப்பத்தாறு பேரையும் இறக்கணும். ஆனா நாங்க கருணையோட பார்க்கிறோம். இப்போதைக்கு எல்லாரும் மெஷினுக்குப் போங்க. மூடியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"கருணை வேணாம் சார்," என்றார் வானொலி. "கொட்டகைக்கே போறோம். காந்தம் மட்டும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க."

முதல்முறையாகக் கூடம் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. வெளியே மூன்று லாரிகள் ஆணிக்காகக் காத்து நின்றன. அவர் பதினேழைத் தேடிப் பிடித்தார்.

"நீ பெரியவன். உனக்காவது புரியும். இவங்களைப் போகச் சொல்லு. மூடி வரும். நான் சொல்றேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடியும் நீங்கதான் சொன்னீங்க."

"இப்ப நிஜமாச் சொல்றேன்."

"அப்ப எழுதுங்க. கொட்டகை விதி இன்னையோட போச்சுன்னு எழுதுங்க. மூடி எந்தத் தேதிக்கு, எந்த மெஷினுக்கு முதல்லன்னு எழுதுங்க. பழைய அறிக்கை தப்புன்னு மேடம் எழுதுவாங்க. அதுல நாங்க செஞ்ச திருட்டுத்தனத்தையும் எழுதட்டும், எங்களுக்கு வெட்கம் இல்ல. மூடி மாட்டுற வரைக்கும் முப்பத்திரண்டாம் நம்பர் ஓடாது. என் பொண்ணு அதுல கை வைக்க மாட்டா."

"அது உன் வீட்டு மெஷினா?"

"இல்ல சார். காதுதான் எங்க வீட்டுது."

மேலாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார். ஆய்வாளர் தம் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அருகிலிருந்த ஆணிப்பெட்டியின் மேல் விரித்துவைத்தார். மேலாளர் பேனாவைத் திறந்தார். முதல் வரியில் 'முயற்சி செய்யப்படும்' என்று எழுதியதைப் பதினேழு எதிரே நின்று தலைகீழாகவே படித்துவிட்டு, துருப்படிந்த விரலால் அந்தச் சொற்களைத் தொட்டார்.

"இதை அடிச்சுட்டுத் தேதியை எழுதுங்க."

மேலாளர் அடித்தார். மறுபடி எழுதத் தொடங்கினார். நாற்பத்தொரு பேரும் நெருங்கிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பதினேழு பேனாமுனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.